இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ஊர்களின் பெயரை இட்டுத் தேடினால் தொலைவுக்கு ஓர் எண்ணும் நேரத்துக்கு ஓர் எண்ணும் உடனே கிடைத்துவிடுகின்றன. அவற்றுள் முதல் எண் ஏறக்குறைய எப்போதும் சரியானது. ஆனால் அந்தத் தொலைவை அப்படியே பறக்கும் விமானம் அரிது. இரண்டாவது எண்ணோ, எதை அளக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதவரை பொருளற்றது. மண்டல அளவில் இயங்கும் சிறு விமான நிலையங்களுக்கு இடையிலான குறும்பயணங்களில் இந்த வேறுபாடு நன்றாகவே புலப்படும் என்பதால், அத்தகைய பயணங்களை மனத்தில் வைத்தே கீழ்வரும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

இணையத் தளங்கள் காட்டும் தொலைவு எதைக் குறிக்கிறது?

பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளத்தைக் குறிக்கிறது. பூமியின் மையம் வழியே செல்லும் தட்டையான தளம் ஒன்று மேற்பரப்பை வெட்டும்போது உண்டாகும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். இரு நிலையங்களுக்கு இடையே அமையும் அந்த வட்டத்தின் வில்தான் பெருவட்டத் தொலைவு. தட்டையான வரைபடத்தில் நெடுந்தொலைவுப் பாதைகள் துருவத்தை நோக்கி வளைந்து தெரிவதற்குக் காரணம் வரைபடமே தவிர விமானம் அல்ல. சில நூறு கிலோமீட்டர் தொலைவில் வரைபடத்தின் நேர்கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

இந்தத் தொலைவை நானே கணக்கிட முடியுமா?

முடியும், அதற்குப் பள்ளிக் கணிதமே போதும். பூமியைச் சுமார் 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொண்டால், வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்வது ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் நகர்வதற்குச் சமம். கிழக்கு மேற்காக நகரும்போது அந்த அளவு அட்சரேகையைப் பொறுத்துக் குறைந்துகொண்டே போகும். நிலநடுக்கோட்டில் முழு 111 கிலோமீட்டராக இருப்பது 60 பாகை அட்சரேகையில் சரிபாதியாகச் சுருங்கிவிடும். ஆகவே தீர்க்கரேகை வேறுபாட்டை இரு நிலையங்களின் சராசரி அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் பிதாகரஸ் தேற்றம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிலையம் வடக்கு அட்சரேகை 40 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 20 பாகையிலும், மற்றொன்று வடக்கு 43, கிழக்கு 24 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். வடக்காக 3 பாகை என்பது 333.6 கிலோமீட்டர். கிழக்காக 4 பாகை என்பது, சராசரி அட்சரேகையான 41.5 பாகையின் கொசைன் 0.749 என்பதால், 333.1 கிலோமீட்டர். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 471 கிலோமீட்டர் வருகிறது. கோளத்தின் மேற்பரப்பில் தொலைவைக் கணக்கிடக் கப்பலோட்டிகள் காலத்திலிருந்து பயன்பட்டு வரும் ஹாவர்சைன் சூத்திரத்தில் இதே எண்களை இட்டாலும் அதே 471 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு உட்பட்ட, துருவங்களை ஒட்டாத பயணங்களுக்கு இந்த எளிய முறையே போதுமானது. அதற்கு மேற்பட்ட தொலைவுகளுக்கு ஹாவர்சைன் சூத்திரத்தையே நம்புவது நல்லது.

இந்த 471 கிலோமீட்டர் எடுத்துக்காட்டைக் கீழேயும் பயன்படுத்தப் போகிறோம் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இணைக்கு இரு தளங்கள் சில கிலோமீட்டர் மாற்றிக் காட்டுவது ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது, பூமி சரியான கோளம் அன்று. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். கோளமாகக் கொண்டு கணக்கிடும் தளத்துக்கும், 1975-இல் வின்சென்டி வெளியிட்டது போன்ற நீள்கோளச் சூத்திரத்தைப் பயன்படுத்தும் தளத்துக்கும் இடையே அரை சதவீதம் வரை வேறுபாடு வரலாம். நம் எடுத்துக்காட்டில் அது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது.

இரண்டாவது, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு அளக்கிறோம் என்பது. விமான நிலையம் ஒவ்வொன்றுக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. அது வழக்கமாக ஓடுதளங்களின் வடிவியல் மையத்தை ஒட்டி அமையும். 1998 முதல் உலகப் பயணிகள் விமானப் போக்குவரத்து முழுவதும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் ஒரே ஆயத்தொலை முறையைப் பின்பற்றுவதால் இதில் குழப்பத்துக்கு இடமில்லை. சில தளங்கள் நிலையத்தை விட்டுவிட்டு நகரத்தின் மையத்திலிருந்து அளந்துவிடுகின்றன. நிலையம் நகரத்திலிருந்து 30 அல்லது 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, அரை சதவீதத் துல்லியத்துக்காகச் சூத்திரத்தோடு மல்லுக்கட்டியதெல்லாம் வீணாகிவிடும்.

கடல் மைல், மைல், கிலோமீட்டர் – எதைப் பார்ப்பது?

விமானிகளுக்குக் கடல் மைல், பயணிகளுக்குக் கிலோமீட்டர். ஒரு கடல் மைல் சரியாக 1,852 மீட்டர். 1929-இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு இந்த மதிப்பை வகுத்தது. அட்சரேகையின் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் அதன் அடிப்படை என்பதால் வரைபடத்தில் அளக்க எளிது. மணிக்கு ஒரு கடல் மைல் வேகமே ஒரு நாட். சாலையில் வழங்கும் மைல் 1,609 மீட்டர்தான். வெறுமனே “மைல்” என்று எழுதியிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 100 மைல் என்பது 161 கிலோமீட்டராகவும் இருக்கலாம், 185 கிலோமீட்டராகவும் இருக்கலாம். நம் 471 கிலோமீட்டர், சுமார் 254 கடல் மைல்.

விமானம் அந்தக் குறுகிய கோட்டிலேயே பறக்கிறதா?

அநேகமாக இல்லை. ஓடுதளம் எந்தத் திசையில் அமைந்திருக்கிறதோ, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ, அதற்கேற்பத்தான் விமானம் மேலெழும்ப வேண்டும். போகவேண்டிய ஊர் கிழக்கே இருந்தாலும் மேற்குப் பார்த்துக் கிளம்பிப் பல கிலோமீட்டர் சென்று திரும்புவது அன்றாட நிகழ்வு. கிளம்பிய பின் அந்த நிலையத்துக்கென வகுக்கப்பட்ட புறப்பாட்டுப் பாதை, அதன்பின் வான்வழித் தடங்களை இணைக்கும் குறிப்புப் புள்ளிகள், இறுதியில் வருகைப் பாதை, ஓடுதளத்தோடு நேராக அமையும் கடைசி இறங்குகோடு என்று பயணம் பல துண்டுகளாக அமைகிறது. இடையே இராணுவத்துக்கென ஒதுக்கிய வான்பகுதியோ, இடிமேகமோ, உயர்ந்த மலையோ இருந்தால் அதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

நெடும்பயணத்தில் இந்தச் சுற்றுகள் மொத்தத்தில் கரைந்துபோகும். 300 கிலோமீட்டர் பயணத்தில் கிளம்பும் இடத்தில் 15, இறங்கும் இடத்தில் 20 கிலோமீட்டர் சுற்றினாலே பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. நம் எடுத்துக்காட்டின் 471 கிலோமீட்டரை, நடைமுறையில் பறக்கும் தொலைவாக 500 கிலோமீட்டர் என்று கொள்வது நியாயமான மதிப்பீடு. ஃபிளைட்ரேடார்24 போன்ற கண்காணிப்புத் தளங்களில் ஒரு வார காலத்துக்கு ஒரே சேவையின் தடத்தைப் பார்த்து வந்தால், நாளுக்கு நாள் தடம் எப்படி விலகுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

நாடுகள் தம் வான்வெளியை மூடும்போது விலகல் வேறொரு அளவை எட்டிவிடும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாக நீண்டது. இரு நகரங்களுக்கும் இடையிலான பெருவட்டத் தொலைவு அன்றும் இன்றும் ஒன்றேதான்.

“பயண நேரம்” என்று சொல்லப்படுவது எந்த நேரம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு கணங்கள் பதிவாகின்றன: நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணம், சக்கரங்கள் ஓடுதளத்தை விட்டு எழும் கணம், சக்கரங்கள் மறுபடி தரையைத் தொடும் கணம், நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் கணம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்டது வானில் இருக்கும் நேரம். முதலாவதற்கும் நான்காவதற்கும் இடைப்பட்டது பிளாக் டைம் எனப்படும். நின்றிருக்கும் விமானம் உருண்டுவிடாதபடி சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள் அல்லவா, அந்தக் கட்டையை எடுத்தது முதல் மீண்டும் கட்டை கொடுத்தது வரை என்பதே பெயரின் பொருள்.

பயணச்சீட்டில் அச்சாகும் புறப்பாடும் வருகையும் பிளாக் டைமைச் சார்ந்தவை. தொலைவைக் கணக்கிட்டுக் காட்டும் தளங்கள் தரும் நேரம் பெரும்பாலும் வானில் இருக்கும் நேரத்தின் மதிப்பீடு; அதுவும் ஏதோ ஒரு சராசரி வேகத்தை வைத்துச் செய்த வகுத்தல். விமானி “இன்னும் 55 நிமிடத்தில் சென்றடைவோம்” என்று அறிவிப்பதும் வானில் இருக்கும் நேரத்தைத்தான். சீட்டில் 1 மணி 25 நிமிடம் என்று இருக்க, அறிவிப்பு 55 நிமிடம் என்று சொன்னால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருவரும் வெவ்வேறு நேரத்தைச் சொல்கிறார்கள்.

தொலைவை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடாதா?

பத்து மணி நேரப் பயணமானால் ஓரளவு வந்துவிடும். ஒரு மணி நேரப் பயணத்தில் வராது. காரணம், விவரக்குறிப்பில் காணும் வேகம் விமானம் உச்ச உயரத்தில் சமநிலையாகப் பறக்கும்போது எட்டும் வேகம். குறும்பயணத்தில் அந்த நிலை நீடிப்பதோ கொஞ்ச நேரம்.

இறங்குவதை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்தை இழக்கவும் மூன்று கடல் மைல் தொலைவு வேண்டும் என்பது விமானிகள் மனக்கணக்காகவே வைத்திருக்கும் விதி. 36,000 அடியில் பறக்கும் ஜெட், இறங்கும் இடத்துக்கு 108 கடல் மைல், அதாவது 200 கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்கியாக வேண்டும். அதே உயரத்துக்கு ஏறுவதற்கும் அதே அளவை ஒட்டிய தொலைவு செலவாகிவிடும். 471 கிலோமீட்டர் பயணத்தில் ஏற்றமும் இறக்கமும் போக, சமநிலைப் பறப்புக்கு மிஞ்சுவது நூறு கிலோமீட்டர் கூடத் தேறாது. அதனால்தான் குறும்பயணங்களில் ஜெட் விமானங்கள் பெரும்பாலும் அவ்வளவு உயரத்துக்கு ஏறுவதே இல்லை. இதற்கு மேல், 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே, பறக்கும் தொலைவைச் சமநிலை வேகத்தால் வகுத்து, ஏற்ற இறக்கத்தின் மெதுவுக்காகப் பத்து முதல் பதினைந்து நிமிடமும், இரு பக்கமும் ஓடுதளத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே தரையில் நகர்வதற்காகச் சிறு நிலையங்களில் பத்து முதல் பதினைந்து நிமிடமும் சேர்த்தால் சீட்டில் காணும் நேரத்தை நெருங்கிவிடலாம். பெரிய நிலையத்தில் இறங்குவதாக இருந்தால் தரை நேரத்தைத் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் நிலையத்தின் போல்டர்பான் ஓடுதளத்தில் இறங்கும் விமானம், அங்கிருந்து முனையத்தை வந்தடையவே பத்து முதல் இருபது நிமிடம் ஊர்ந்து வர வேண்டியிருக்கும்.

ஜெட் விமானமா, டர்போபிராப் விமானமா – எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

ஏ.டி.ஆர். 72 போன்ற டர்போபிராப், அதாவது சுழல்விசிறி விமானத்தின் சமநிலை வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அதே வகையில் வேகமானதாகிய டேஷ் 8-400 சுமார் 660 கிலோமீட்டரை எட்டும். எம்ப்ரேயர் 190, ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானங்கள் 800 கிலோமீட்டரைத் தாண்டும். தாளில் பார்த்தால் ஜெட் விமானம் ஏ.டி.ஆரை விட 60 சதவீதம் வேகமானது.

மேலே சொன்ன முறையில் கணக்கிட்டால், பறக்கும் தொலைவு 500 கிலோமீட்டராகும்போது ஏ.டி.ஆருக்கு 60 நிமிடத்தோடு ஏற்ற இறக்கத்துக்குப் பத்தும் தரைக்குப் பதினைந்தும் சேர்ந்து 85 நிமிடம். ஜெட் விமானத்துக்கு 38 நிமிடத்தோடு பதினைந்தும் பதினைந்தும் சேர்ந்து 70 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் கால் மணி நேரத்தை ஒட்டியது. ஜெட் மேலும் உயரே ஏறி மேலும் வேகத்திலிருந்து தணிய வேண்டியிருப்பதால் அதற்கு ஏற்ற இறக்க இழப்பு கூடுதல் என்பதையும் கவனியுங்கள். 250 கிலோமீட்டர் பயணமானால் இந்த மிச்சம் இன்னும் சுருங்கி, வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும். எரிபொருள் செலவிலோ டர்போபிராப் தெளிவாக மலிவு. குறுகிய ஓடுதளத்திலும் இறங்கக் கூடியது. சிறு நிலையங்களுக்கு இடையே சுழல்விசிறி விமானங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பழமை என்று எண்ணுபவர்கள் இந்தக் கால் மணி நேரக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது வேறு நேரம் – ஏன்?

காற்றுதான் காரணம். விமானத்தின் வேகம் அதைச் சூழ்ந்த காற்றைச் சார்ந்தது. அந்தக் காற்றே நகரும்போது தரையைப் பொறுத்த வேகம் கூடும் அல்லது குறையும். நடு அட்சரேகைகளில் உயர்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்து சேர்ந்தது. வழக்கமாக அந்தப் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் வேக விமானம் 500 கிலோமீட்டரைக் காற்றில்லாமல் ஒரு மணி நேரத்தில் கடக்கும். போய்வர 120 நிமிடம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 50 நிமிடம், முன்னாலிருந்து எதிர்த்தால் 75 நிமிடம், கூட்டினால் 125. எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் இருக்க நேர்வதால், அதன் பாதிப்பு பின்காற்றின் உதவியை எப்போதும் விஞ்சும். 800 கிலோமீட்டர் வேக விமானத்துக்கு இதே காற்றில் போய்வர ஏற்படும் இழப்பு ஒரு நிமிடத்தை ஒட்டியதுதான். மெதுவான விமானத்தையே காற்று அதிகம் தண்டிக்கிறது. டர்போபிராப் விமானங்கள் பொதுவாகக் காற்றின் வேகம் குறைந்த தாழ்ந்த உயரங்களில் பறப்பது ஓரளவு ஆறுதல்.

குறுக்கே வீசும் காற்றும் நேரத்தை உண்ணும். பாதையை விட்டு விலகாமலிருக்க விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பிப் பறக்க வேண்டும். மேற்சொன்ன எண்களில் அதனால் தரைவேகம் 500-இலிருந்து 490-ஆகக் குறையும்.

காலஅட்டவணைப்படி 20 நிமிடத்தில் சென்றடைகிறதே, எப்படி?

நேர மண்டலம். அட்டவணையில் புறப்பாடு புறப்படும் ஊரின் நேரத்திலும், வருகை சேரும் ஊரின் நேரத்திலும் தரப்படுகின்றன. லிஸ்பனுக்கும் மாட்ரிடுக்கும் இடையே சுமார் 510 கிலோமீட்டர். மாட்ரிட் ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறது. பயணம் 1 மணி 20 நிமிடம் என்று கொண்டால், லிஸ்பனில் 10.00 மணிக்குக் கிளம்பும் விமானம் மாட்ரிடில் 12.20 மணிக்கு இறங்குவதாகவும், மாட்ரிடில் 13.00 மணிக்குக் கிளம்புவது லிஸ்பனில் 13.20 மணிக்கு இறங்குவதாகவும் அட்டவணை காட்டும். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால் குழப்பம் தீரும். அரை மணி, முக்கால் மணி வேறுபாடுள்ள மண்டலங்களும் உண்டு. கோடைக்கால நேர மாற்றம் ஒரு பக்கம் மட்டும் நடைமுறையில் இருந்தால் வேறுபாடு ஆண்டின் பாதியில் மாறியும்விடும்.

தாமதமாகக் கிளம்பிய விமானம் குறித்த நேரத்துக்கே சேர்ந்துவிடுகிறதே?

விமானம் விரைந்து பறந்து ஈடுகட்டியது என்பதைவிட, அட்டவணையிலேயே இடைவெளி விட்டிருந்தார்கள் என்பதே பெரும்பாலும் உண்மை. ஒரே பாதையில் ஒரே விமானம் ஒரு நாள் 62 நிமிடமும் மறுநாள் 78 நிமிடமும் எடுக்கும்போது, நிறுவனம் சராசரியை அச்சிடாது; பெரும்பாலான நாட்களில் காப்பாற்றக்கூடிய எண்ணையே அச்சிடும். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்தோடு வந்ததாகக் கொள்வது இத்துறையில் பரவலான வழக்கம் என்பதால், சில நிமிடங்களைக் கூட்டி எழுதுவது நிறுவனத்துக்கு எவ்விதத்திலும் நட்டமில்லை. குளிர்காலத்துக்கும் கோடைக்காலத்துக்கும் அட்டவணை தனித்தனியே வெளியாவதும் இதோடு தொடர்புடையது. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் இந்த மாற்றத்துக்கான நாட்கள். காற்று மாறும்போது, அதே பாதையின் பிளாக் டைமும் சில நிமிடங்கள் மாறக்கூடும்.

யாரும் அப்படியே பறக்காத பெருவட்டத் தொலைவால் என்ன பயன்?

அது மாறாத எண் என்பதே அதன் பயன். சட்டத்துக்கும் கணக்குக்கும் நாளுக்கு நாள் மாறாத அளவுகோல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை தாமதத்துக்கான இழப்பீட்டைத் தொலைவை வைத்தே வகுத்தது: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, மிக நீண்ட பயணங்களுக்கு 600. அங்கே தொலைவு என்றால் பெருவட்டத் தொலைவு. இணைப்பு விமானத்தில் சுற்றிக்கொண்டு போனாலும் முதல் புறப்பாட்டு நிலையத்துக்கும் இறுதி நிலையத்துக்கும் இடையிலான நேர்த்தொலைவே கணக்கு என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருகை நேரம் எது என்ற கேள்வியும் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. சக்கரம் தரையைத் தொட்ட கணமும் அன்று, கட்டை கொடுத்த கணமும் அன்று, பயணிகள் இறங்குவதற்காக ஒரு கதவாவது திறக்கப்படும் கணமே வருகை என்று 2014-இல் அது முடிவு செய்தது. மேலே சொன்ன நான்கு கணங்களோடு சட்டம் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டது என்று கொள்ளலாம்.

கரியமில வாயுக் கணக்கீட்டில் நேர்த்தொலைவோடு ஒரு சுற்றுப்படியைக் கூட்டுகிறார்கள். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் கணிப்பான் 550 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணங்களுக்கு 50 கிலோமீட்டரையும், அதற்கு மேல் 5,500 வரை 100 கிலோமீட்டரையும் சேர்க்கிறது.

நேரடி விமானம் இல்லாவிட்டால் எப்படி மதிப்பிடுவது?

இரண்டு சிறு நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் இதுதான் நிலைமை. இரண்டு கட்டங்களின் பிளாக் டைமையும், இடையில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். நம் இரு நிலையங்களிலிருந்தும் 400 கிலோமீட்டரில் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது என்றால், 471 கிலோமீட்டர் பயணம் 800 கிலோமீட்டராகிறது. ஒவ்வொரு கட்டமும் 75 நிமிடம், இடையில் ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் நான்கு மணி நேரம். தேடல் தளம் அந்த இணைக்கு “பறக்கும் நேரம் 1 மணி” என்று காட்டியிருக்கும். அப்படியொரு விமானமே இல்லை என்பதை அது சொல்லாது. தொலைவைக் காட்டும் பக்கம், சேவை இருப்பதற்கான சான்று ஆகாது. அப்படிப்பட்ட பக்கங்களின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து.

சாலை அல்லது ரயிலோடு எப்படி ஒப்பிடுவது?

சமவெளியில் சாலைத் தொலைவு நேர்த்தொலைவைப் போல் ஒன்றேகால் மடங்கை ஒட்டி இருக்கும். மலையோ கடல் நுழைவோ குறுக்கிட்டால் பல மடங்காகலாம். நார்வேயின் ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே வான்வழி 325 கிலோமீட்டர் அளவு, பயணம் ஒரு மணி நேரத்துக்குள். மலையைக் கடந்து செல்லும் ரயிலுக்கோ ஆறரை முதல் ஏழு மணி நேரம் ஆகும். அங்கே விமானத்துக்கு மறுபேச்சில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு நேபாளத்தின் லுக்லாவைச் சொல்லலாம். 2,845 மீட்டர் உயரத்தில், 527 மீட்டர் மட்டுமே நீளமுள்ள ஓடுதளம் கொண்ட அந்த நிலையத்துக்குக் காட்மாண்டுவிலிருந்து அரை மணி நேரப் பயணம். மலையேற்றப் பருவத்தில் காட்மாண்டு நிலையத்தின் நெரிசலைத் தவிர்க்க ராமேச்சாப் என்னும் சிறு நிலையத்திலிருந்து விமானங்களை இயக்குவார்கள். அங்கிருந்து லுக்லாவுக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். ஆனால் காட்மாண்டுவிலிருந்து ராமேச்சாப் போய்ச் சேரவே சாலையில் நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால், பயணிகள் நள்ளிரவிலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது. பறக்கும் நேரம் குறைந்தது, பயணம் நீண்டது.

ஆகையால் வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்து வாசல் வரை கணக்கிடுங்கள். நிலையத்துக்குப் போகும் நேரம், பதிவு முடியும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர விடும் இடைவெளி, பிளாக் டைம், பெட்டிகளுக்காகக் காத்திருத்தல், அங்கிருந்து ஊருக்குள் போகும் நேரம். 300 கிலோமீட்டருக்குக் குறைந்த தொலைவில், நடுவே தடையில்லாத நல்ல சாலையோ விரைவு ரயிலோ இருந்தால் விமானம் தோற்பதே வழக்கம்.

ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தால் தவறு நேராதா?

நேரும். கலிபோர்னியாவிலும் ஒரு சான் ஹோசே, கோஸ்டாரிகாவிலும் ஒரு சான் ஹோசே. ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி. இங்கிலாந்தில் ஒரு பர்மிங்காம், அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பர்மிங்காம். பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். முதல் சான் ஹோசே எஸ்.ஜே.சி., இரண்டாவது எஸ்.ஜே.ஓ. சிறு நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு இல்லாமலும் போகலாம், அப்போது ஐ.சி.ஏ.ஓ.வின் நான்கெழுத்துக் குறியீடு கைகொடுக்கும்.

இருப்பதிலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம் எது?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையிலானது. தொலைவு 2.7 கிலோமீட்டர். லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் இதை இயக்கி வருகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று இருக்கும். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 நொடியில் முடித்ததே இதுவரையான சாதனை.